படகு ஏரியின் மண் கரை: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

படகு விடவும் மீன் பிடிக்கவும் காலாற நடக்கவும் வைத்திருக்கும் ஏரிகளின் மண் கரைக்குத் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. பாசன ஏரி கோடையில் வற்றும். அப்போது உட்சரிவு கண்ணில் படும், மதகில் படிந்த வண்டலை அள்ளலாம், பெருச்சாளி, நண்டு வளைகளை எண்ணலாம். படகு ஏரியையோ ஆண்டு முழுக்கத் தளும்பத் தளும்ப வைத்திருக்கிறோம். நீருக்குள் இருக்கும் பாதிக் கரையை யாரும் பார்ப்பதே இல்லை. வெளியே தெரியும் மீதிப் பாதியையும் புல்தரை, பூச்செடி, நடைபாதைக் கல், விளக்குக் கம்பம் என்று அழகுபடுத்தி, கரை காட்டும் அறிகுறிகளை மூடிவிடுகிறோம். இத்தகைய அணைகளில் ஆபத்து பெரும்பாலும் பொழுதுபோக்குக்காகச் செய்த மாற்றங்களின் வழியாகவே வருகிறது. எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் அந்த மாற்றங்களைத் தேடிப் பாருங்கள்.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்குப் பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை என்றால், கரை நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் போன்ற வரம்புகளில் ஒன்றையாவது எட்டியிருக்க வேண்டும். பேரூராட்சியோ விடுதியோ பராமரிக்கும் 5, 6 மீட்டர் கரை இதற்குள் வராது. ஆனாலும் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, பெருவெள்ளத்துக்குப் பிறகு உடனே ஓர் ஆய்வு என்று சட்டம் சொல்லும் ஒழுங்கு சின்னக் கரைக்கும் தேவை. வடகிழக்குப் பருவமழைப் பகுதிகளில் செப்டம்பர் முதல் பாதியிலும் ஜனவரியிலும் கரையை முழுக்க நடந்து பாருங்கள். மழை ஓய்ந்து மூன்று நாளாவது ஆன பிறகு, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் பள்ளமும் புடைப்பும் நிழலில் தெரியும். ஸ்பிரிங்ளர் போட்டுப் புல் வளர்க்கும் கரையென்றால் ஆய்வுக்கு மூன்று நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் கசிவு எது, குழாய்த் தண்ணீர் எது என்று பிரித்தறிய முடியாது.

கையில் இருக்க வேண்டியவை: 30 மீட்டர் டேப், 6 மி.மீ. கம்பி ஒரு மீட்டர், மரமுளைகள், சுண்ணாம்பு, 10 லிட்டர் வாளி, கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச், நிறமில்லாத காலித் தண்ணீர் பாட்டில்கள். கீழே உட்சரிவு என்பது நீர்ப்பக்கம், வெளிச்சரிவு என்பது காய்ந்த பக்கம்.

வெளிச்சரிவில் ஈரம், தெளிந்த நீர் கசிகிறது

கோடையில் சுற்றிலும் புல் காய்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் பட்டையாகப் பச்சை நின்றால் அங்கே நீர் மேலே வருகிறது என்று பொருள். கோரை முளைத்திருந்தால் பல மாதமாக வருகிறது. மண் கரையில் கசிவே இருக்கக் கூடாது என்பதில்லை. எல்லா மண் கரையும் கொஞ்சம் கசியும். எவ்வளவு, எங்கே, எந்த நிறத்தில் என்பதுதான் கேள்வி.

ஈரத்தின் எல்லையில் முளையடித்துத் தேதி எழுதுங்கள். கசிவை ஒரு சிறு வாய்க்காலில் கூட்டி வாளியில் பிடியுங்கள். 10 லிட்டர் வாளி 20 நொடியில் நிறைந்தால் நொடிக்கு அரை லிட்டர். நிரந்தரமாக அளக்க, வாய்க்காலில் ஒரு தகட்டை நிறுத்தி 90 பாகையில் ‘வி’ வடிவமாக வெட்டிவிடுங்கள். வெட்டின் அடிமுனையிலிருந்து நீரின் உயரம் 5 செ.மீ. என்றால் நொடிக்கு ஏறத்தாழ 0.77 லிட்டர், 7 செ.மீ. என்றால் 1.8, 10 செ.மீ. என்றால் 4.4. உயரத்தைத் தகட்டை ஒட்டி அளக்காமல், நீர் வளையத் தொடங்குவதற்கு முன்னால், சற்றுப் பின்தள்ளி அளக்க வேண்டும்.

ஒவ்வொரு அளவோடும் அன்றைய ஏரி மட்டத்தையும் எழுதுங்கள். ஏரி ஏறும்போது கசிவும் ஏறி, இறங்கும்போது இறங்கினால் கவனித்து வரலாம். ஏரி மட்டம் அப்படியே இருக்கக் கசிவு மட்டும் கூடினால் உள்ளே வழி அகலமாகிறது. அன்றே அணைப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கசிவின் வாயைச் சிமென்ட் பூசியோ களிமண் அப்பியோ அடைக்காதீர்கள். இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. நீர் நின்றுவிட்டதுபோல் தெரியும். ஆனால் உள்ளே அழுத்தம் ஏறி, சரிவு ஊறி, வேறோர் இடத்தில் பெரிதாகப் பிய்த்துக்கொண்டு வரும். உட்பக்கத்தில் அடைக்க வேண்டும், வெளிப்பக்கத்தில் மண்ணை மட்டும் நிறுத்தி நீரை வெளியேற விட வேண்டும். மண் கரைக்கு மாறாத விதி இது.

கசியும் நீர் கலங்கி வருகிறது, அல்லது கரையடியில் மணல் கொப்பளிக்கிறது

இதற்கு நேரம் கிடையாது. நீர் தன்னோடு மண்ணை எடுத்து வருகிறது என்றால், கரைக்குள் வெளிப்புறத்திலிருந்து ஏரியை நோக்கி ஒரு பொந்து வளர்கிறது. அது ஏரியைத் தொட்ட பிறகு உடைப்புக்குச் சில மணி நேரம்கூட இல்லாமல் போகலாம்.

ஐயமிருந்தால் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். கசியும் வாயிலேயே, தரையைக் கிளறாமல் பிடித்து, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மெல்லிய பழுப்புக் கோடு படிந்தால் மண் போகிறது. பாட்டிலில் தேதியெழுதி அலுவலக ஜன்னலில் வரிசையாக வைத்துவிடுங்கள். சென்ற மாதப் பாட்டிலின் அடி வெறுமையாகவும் இந்த மாதத்தின் அடியில் நகக்கண் அளவு மண்ணும் இருந்தால், எந்தப் பொறியாளருக்கும் அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மணல் ஊற்று கரையடித் தரையில் சிறு எரிமலை வாய்போல் இருக்கும். நடுவில் நீர் குமிழியிடும், சுற்றிலும் கழுவிய மணல் வட்டமாகப் படிந்திருக்கும். அதைச் சுற்றி மணல் மூட்டையால் வளையக்கரை கட்டுங்கள். உள்விட்டம் 2 மீட்டர், உயரம் 60 செ.மீ., அடி அகலம் 90 செ.மீ. என்று வைத்து மேலே குறுக்கிக்கொண்டே போனால் 200 முதல் 250 மூட்டை பிடிக்கும். மூட்டையை முக்காலுக்கு மேல் நிரப்பக் கூடாது, வாயை இறுகக் கட்டவும் கூடாது. தளர்வாக இருந்தால்தான் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். வளையத்துக்குள் நீர் தேங்கி உயர உயர, கீழிருந்து வரும் வேகம் குறையும். நீர் தெளியும் மட்டத்தில் நிறுத்தி, ஒரு பக்கம் வழிவாய் விட்டுக் கரையடியிலிருந்து தள்ளிப் போகும்படி வாய்க்கால் வெட்டுங்கள். ஊற்றையே நிறுத்திவிடுகிறோம் என்று மேலும் மேலும் உயர்த்தினால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும்.

சரிவிலேயே கலங்கல் வந்தால் வடிகட்டி அடுக்குப் போட வேண்டும். முதலில் தூசியில்லாத பருமணல், அதன்மேல் சிப்ஸ் என்ற பொடி ஜல்லி, அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி, கடைசியில் எடைக்காக ஒன்றரை அங்குல ஜல்லியோ கருங்கல்லோ. ஒவ்வோர் அடுக்கும் 15 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஈரத்திட்டின் அகலம் 2 மீட்டர் என்றால் சுற்றிலும் ஒரு மீட்டர் சேர்த்து 4 மீட்டர் வட்டமாகப் போடுங்கள். அடுக்குக்கு 1.9 கன மீட்டர் வரும், முக்கால் யூனிட்டுக்குள் (ஒரு யூனிட் 100 கன அடி) அடங்கிவிடும். நேரே கருங்கல்லைக் கொட்டுவதால் பயனில்லை. கல்லின் இடுக்கு வழியே மண் ஓடிக்கொண்டே இருக்கும், கல் மறைப்பதால் நமக்குத்தான் தெரியாது. மணலைத் தேர்ந்தெடுக்க எளிய சோதனை உண்டு. ஒரு பிடி அள்ளி டம்ளர் தண்ணீரில் கலக்குங்கள். தண்ணீர் சேறாகக் கலங்கினால் அந்த மணல் வேண்டாம், தூசி அடைத்துக்கொள்ளும். தார்ப்பாயை வெளிச்சரிவில் விரித்தாலும் வாயை அடைத்த கதைதான்.

இந்த வேலை நடக்கும்போதே ஏரி மட்டத்தை இறக்கத் தொடங்கியிருக்க வேண்டும். படகுச் சவாரியை நிறுத்துவதில் தயக்கம் கூடாது.

ஏரிக்குள் கரையோரம் நீர் சுழல்கிறது

பொந்து ஏரியைத் தொட்டுவிட்டது. கீழே இருப்பவர்களை வெளியேற்றச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை. உட்பக்கமிருந்து வைக்கோல் கட்டு, களிமண் மூட்டை, கல் என்று கையில் கிடைப்பதை இறக்குங்கள். ஓரங்களில் எடை கட்டிய தார்ப்பாயைச் சரிவின் மேல் உருட்டி இறக்கினால் நீரின் இழுப்பே அதை வாயில் ஒட்டவைக்கும். யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கரை மேல் ஜேசிபி, லாரி நிற்கக் கூடாது, இடுப்பில் கயிறில்லாமல் ஆளும் நிற்கக் கூடாது.

மதகுக் குழாயை ஒட்டி நீர் வருகிறது

குழாய்க்குள்ளிருந்தா, குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலிருந்தா என்று பிரியுங்கள். ஷட்டரை முழுக்க அடைத்த பிறகும் குழாய்க்குள் நீர் வந்தால் ஷட்டரின் ரப்பரோ, கரைக்குள் ஓரிடத்தில் குழாயின் இணைப்போ விட்டிருக்கும். கலங்கி வந்தால் இணைப்புதான், கரை மண்ணைக் குழாய் உறிஞ்சுகிறது. அதற்கு நேர்மேலே கரையின் உச்சியில் வட்டமான சிறு குழி விழுந்திருக்கிறதா பாருங்கள்.

குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி வந்தால், குழாயின் கீழ்ப்பக்க அரைவட்டத்தில் மண்ணைச் சரியாகத் திமிசு போடாமல், அதாவது இடித்து இறுக்காமல், விட்டிருப்பார்கள். அந்த இடுக்கில் திமிசுக்கட்டை நுழையாது. பழைய நாளில் இதற்குக் குழாயைச் சுற்றிச் சிமென்ட் கழுத்துப்பட்டை கட்டினார்கள். அதைச் சுற்றியும் மண் இறுகாமல் போனதால் இப்போது வெளிமுனைக்கு அருகே குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி வைக்கிறார்கள். சின்னக் கரைக்கும் அதுவே சரி. நெளித்தகட்டு இரும்புக் குழாய் என்றால் அதன் ஆயுள் சில பத்தாண்டுகள்தான். போட்ட ஆண்டு யாருக்கும் தெரியவில்லை என்றால் கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஷட்டர் அசையவில்லை

படகு ஏரியில் மதகைத் திறக்க வேண்டிய தேவையே வருவதில்லை. அதனால் தண்டு துருப்பிடித்து இறுகிவிடுகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை முழுக்கத் திறந்து மூடுங்கள், கிரீஸ் போடுங்கள். இறுகியிருந்தால் தண்டில் குழாய் செருகி முரட்டுத்தனமாகத் திருப்பாதீர்கள். தண்டு முறுக்கி உடைந்தால் ஷட்டர் பாதியில் நின்றுவிடும்.

அதற்குள் நீரை இறக்க வேண்டியிருந்தால் சைபன், அதாவது நீரைக் கரை மேல் ஏற்றி மறுபக்கம் இறக்கும் குழாய், போடலாம். 160 மி.மீ. தடித்த எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் குழாயைக் கரை மேல் வளைத்துப் போட்டு, இரு முனையிலும் வால்வு, உச்சியில் நீர் ஊற்ற மூடியுள்ள வாய் வையுங்கள். இரு வால்வையும் மூடி, உச்சி வழியாகக் காற்றில்லாமல் நிரப்பி, மூடியை இறுக்கிய பின் இரண்டையும் திறந்தால் ஓடும். மெல்லிய சுருட்டுக் குழாய் உறிஞ்சலில் நசுங்கிவிடும். ஏரி மட்டத்திலிருந்து குழாயின் உச்சி சமவெளியில் 5 மீட்டர் வரை இருக்கலாம், கொடைக்கானல் போன்ற உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அவ்வளவு ஏற்ற முடியாது. ஏரி மட்டத்துக்கும் குழாயின் வெளிமுனைக்கும் இடையே போதிய இறக்கம் இருந்தால் ஒரு குழாயில் நொடிக்கு ஏறத்தாழ 40 லிட்டர் எதிர்பார்க்கலாம். 5 ஹெக்டேர் ஏரியில் அது நாளுக்கு 7 செ.மீ.தான். ஒரே நாளில் 30 செ.மீ. இறக்க நான்கைந்து குழாய் வேண்டும். வெளிமுனை கரையடியைத் தாண்டிக் கல்பாவிய இடத்தில் விழ வேண்டும்.

அந்த 30 செ.மீ.க்கு மேல், அவசரம் இல்லாதபோது, ஒரு நாளில் இறக்காதீர்கள். நீர் சட்டென்று விலகினால் ஊறிக் கனத்த உட்சரிவு தாங்குதலின்றி ஏரிக்குள் சரியும்.

உச்சியில் விரிசல்

குறுக்கு விரிசல், அதாவது ஏரியிலிருந்து வெளிப்பக்கம் நோக்கிப் போவது, நீளவிரிசலைவிட மோசம். ஏரி மட்டம் அதன் அடியைத் தொட்டால் நேரடி வழி கிடைத்துவிடும். இரு முனையும் பிறைபோல் சரிவை நோக்கி வளைந்து, ஒரு பக்கம் சற்றே தாழ்ந்திருந்தால் அது சரிவு நழுவுவதன் தொடக்கம். கட்டம் கட்டமாக ஒழுங்கின்றி ஓடும் ஆழமில்லாத கீறல்கள் வெயிலில் காய்ந்தவை. கரிசல் கலந்த கரையில் கோடைதோறும் வரும்.

படகு ஏரிகளில் இன்னொன்றும் உண்டு. வண்ண விளக்குக்கு வயர் புதைத்த பள்ளத்தைச் சரியாக இறுக்காமல் மூடியிருந்தால் நீளவிரிசல் மாதிரியே தாழ்ந்து கிடக்கும். அதில் மழைநீர் தேங்கி உண்மையான விரிசலையும் உண்டாக்கும்.

இருபுறமும் முளையடித்து இடைவெளியை வாரம் ஒருமுறை அளங்கள். கம்பியை விட்டு ஆழம் பாருங்கள். கம்பி வளைந்து நின்றுவிட்டால் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றி, காய்ந்த பின் பக்கத்தில் தோண்டினால் வெள்ளைக்கோடு எதுவரை போகிறது என்று தெரியும். கோட்டின் முடிவிலிருந்து மேலும் 30 செ.மீ. ஆழம் தோண்டி, பக்கங்களைப் படியாக வெட்டி, கரையில் உள்ள அதே வகை மண்ணை 15 செ.மீ. அடுக்காகப் போட்டு இறுக்குங்கள். மண்ணின் ஈரம், பிடித்தால் உருண்டையாக நின்று கையில் ஒட்டாத பதம். அளவெடுக்கும் முன் விரிசலில் மண்ணைத் தள்ளி மூடிவிடக் கூடாது. நழுவல் விரிசலைத் தோண்டவே கூடாது. மழைநீர் இறங்காதபடி மேலே பிளாஸ்டிக் தாளிட்டு, நீரை இறக்கி, பொறியாளரை வரவழையுங்கள்.

வெளிச்சரிவு புடைத்திருக்கிறது, அல்லது ஒரு துண்டு கழன்று நிற்கிறது

கரையடியில் புடைப்பும் மேலே பிறைவிரிசலும் சேர்ந்தால் நழுவல் உறுதி. கரையடியில் மணல், ஜல்லி, கல் என்ற வரிசையில் எடை ஏற்றுங்கள். சரிந்த மண்ணை அள்ளி மேலே போட்டால் அந்தப் பாரமே மீண்டும் தள்ளும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டோக்கோவா நீர்வீழ்ச்சிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை, முதலில் மின்சாரத்துக்குப் பயன்பட்டுப் பிறகு பொழுதுபோக்கு ஏரியாக மட்டும் நின்றது. 1973-இல் எடுத்த ஒரு படத்தில் அதன் செங்குத்தான வெளிச்சரிவில் ஒரு துண்டு சரிந்திருப்பது தெரிகிறது. 1977 நவம்பர் 6 அதிகாலை, மழைக்குப் பின், கரை உடைந்து 39 பேர் இறந்தார்கள். சரிவின் செங்குத்து, கசிவு, ஊறிய மண் எல்லாம் சேர்ந்த விளைவு என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள்.

கலிங்கில் நீர் வழிய வேண்டியபோது வழியவில்லை, ஏரி ஏறிக்கொண்டே போகிறது

ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோடும் கலிங்கின் வாயில் என்ன கட்டியிருக்கிறது என்று பாருங்கள். மீன் தப்பாமல் இருக்க வலை, குழந்தைகள் விழாமல் இருக்கக் கம்பி வேலி, படகுக்கு ஆழம் போதவில்லை என்று அடுக்கிய மணல் மூட்டை அல்லது பலகை. ஆகாயத்தாமரை அந்த வலையில் ஒரே இரவில் பாய்போல் அடைத்துக்கொள்ளும்.

கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர் நீளக் கலிங்கு, அதன் மேல் 60 செ.மீ. உயரம் வரை நீர் ஏறலாம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 7.9 கன மீட்டர் வெளியேறும். 30 செ.மீ. பலகை வைத்தால் அதே உச்ச மட்டத்தில் 2.8 கன மீட்டர்தான். வெள்ளத்தை விடும் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. செப்டம்பர் முடியும் முன் பலகை, மூட்டை, வலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஆகாயத்தாமரையைத் தடுக்க வேண்டுமென்றால் கலிங்கிலிருந்து 20, 30 மீட்டர் உள்ளே மிதவைக் கயிறு கட்டுங்கள்.

பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையில் நடந்தது இதுவே. கால்வாய்க்காகக் கட்டிய 72 அடி உயர மண் அணையை 1879-இல் செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டைக் கிளப் ஒன்று வாங்கியது. அடியிலிருந்த ஐந்து வார்ப்பிரும்பு வடிகுழாய்களை முந்தைய உடைமையாளர் பழைய இரும்புக்கு எடுத்துவிட்டிருந்தார், கிளப் திரும்பப் போடவில்லை. வண்டிகள் எதிரெதிரே போக வசதியாக உச்சியைத் தாழ்த்தினார்கள். கலிங்கில் மீன் தப்பாமல் தடுப்பு வைத்தார்கள். வடிகுழாய் இல்லாததையும் பழுதுபார்த்த இடம் கசிவதையும் 1880-இல் ஜான் ஃபுல்டன் என்ற பொறியாளர் எழுதியே கொடுத்தார். 1889 மே 31 அன்று பெருமழையில் தடுப்பில் குப்பை அடைக்க, தொழிலாளர்கள் அதை அகற்றப் போராடினார்கள். நீர் கரையின் தாழ்ந்த நடுப்பகுதி வழியே வழிந்து அணையைக் கொண்டுபோயிற்று. கீழே ஜான்ஸ்டவுனிலும் வழியிலிருந்த ஊர்களிலும் 2,209 பேர் இறந்தார்கள்.

உச்சி ஓரிடத்தில் தாழ்ந்திருக்கிறது

மண் கரை நடுவில், உயரம் அதிகமுள்ள இடத்தில்தான் அதிகம் அமிழும். மேலே வழியும் நீரும் அங்கேதான் முதலில் வழியும். 10 மீட்டருக்கு ஒரு புள்ளியாக லெவல் பார்த்து, கலிங்கு மட்டத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள். கரை மேல் கார் விடுவதும், ஊர்சுற்றி ரயிலுக்குத் தண்டவாளம் போடுவதும், நடைபாதைக்காகச் சீவுவதும் மட்டத்தைக் குறைக்கின்றன. தாழ்ந்த இடத்தில் புல்லை 15 செ.மீ. வழித்தெடுத்து, கொத்திவிட்டு, அடுக்கடுக்காக ஏற்றுங்கள். நடைபாதைக் கல்லை மட்டும் உயர்த்திப் பதித்தால் அதன் அடியில் நீர் போகும்.

உட்சரிவின் நீர்மட்டத்தில் படிபோல் அரிப்பு

நீர்மட்டம் மாறாத ஏரியில் அலை ஒரே கோட்டில் அடிப்பதால் வருவது. மோட்டார் படகை வெட்டுண்ட கரையிலிருந்து தள்ளி மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். சரிவில் பாவிய கல்லைத் திரும்பப் போடும்போது கல்லுக்கு அடியில் ஜல்லிப் படுகை இல்லையென்றால் மண் கல்லிடுக்கு வழியே கழுவப்பட்டு ஓராண்டில் மீண்டும் சரியும்.

மரமும் வளையும்

சீமைக்கருவேல் கட்டைவிரல் பருமனில் இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். பெரிய மரத்தை வெட்டி அடிக்கட்டையை விட்டுவிட்டால், வேர் மக்கிய பிறகு கரைக்குள் குழாய் போட்டதுபோல் ஆகிவிடும். நிழலுக்காகக் கரை மேல் புதிதாக மரம் நடக் கூடாது. கரையடியிலிருந்து 8 மீட்டராவது தள்ளி நடுங்கள். ஏற்கெனவே வளர்ந்த பெரிய மரமென்றால் ஏரியை இறக்கி, அடிக்கட்டையையும் பருத்த வேர்களையும் தோண்டியெடுத்து, குழியை அடுக்கடுக்காக இறுக்கி நிரப்ப வேண்டும்.

பெருச்சாளி, நண்டு வளைக்கு வாயில் மட்டும் மண் அடைப்பது பயன் தராது. வளையின் வாயில் 4 அங்குலக் குழாய் ஒரு மீட்டர் துண்டைச் செங்குத்தாகச் செருகி, சுற்றிலும் மண் இறுக்கி, சலித்த மண் 9 பங்கு, சிமென்ட் 1 பங்கு, தோசைமாவுப் பதத்தில் கரைத்து ஊற்றுங்கள். மட்டம் இறங்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள், நின்ற பிறகு குழாயை உருவிப் புல் பதியுங்கள். படகுத்துறையில் சிற்றுண்டிக் கடைகளின் குப்பை இருக்கும்வரை பெருச்சாளி திரும்பி வரும். கடைகளைக் கரையிலிருந்து நகர்த்துவதுதான் அதற்கு மருந்து.

ஆட்களை எப்போது வெளியேற்றுவது

கலங்கல் கசிவு கூடிக்கொண்டே போனால், ஏரிக்குள் சுழல் தெரிந்தால், நழுவல் உச்சியைத் தொட்டால், நீர் கரை மேல் ஒரு விரல்கடை அளவு வழிந்தாலும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 எண்ணில் அழையுங்கள். ஏரியின் பெயர், கீழே ஓடை போகும் வழி, முதல் வீடுகள் எத்தனை கிலோமீட்டரில், இப்போது கண்ணில் தெரிவது என்ன, இந்த நான்கையும் ஒரு தாளில் முன்பே எழுதிப் படகுத்துறை அறையில் ஒட்டியிருக்க வேண்டும். ஓடையோர முதல் பத்து வீட்டாரின் கைப்பேசி எண்களும் அதே தாளில் இருக்கட்டும், ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒவ்வொன்றையும் அழைத்துச் சரிபாருங்கள். 500 வெற்றுச் சாக்கு, இரண்டு யூனிட் பருமணல், சிப்ஸும் முக்கால் ஜல்லியும் ஒவ்வொரு யூனிட், பெரிய தார்ப்பாய் இரண்டு, சார்ஜ் செய்த விளக்குகள், கயிறு ஆகியவற்றைக் கரையின் மேடான முனையில், ஓடையைக் கடக்காமல் எடுக்கக்கூடிய ஓர் அறையில் வையுங்கள். அந்த அறையின் சாவி இருவரிடம் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் இரவுக் காவலர்.